மலையின் பக்கத் தோற்றம்

17-4-82, சனி. காலை 6.10. இப்போதே வியர்வை. டிராயிங் பரீட்சைக்கு நான்கு நாள். இதுவரை போட்ட கணக்கு 22. சரியானது 3.

ஒரு கட்டையின் படம் தருவார்கள். அதன் முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம் போட வேண்டும். அவ்வளவே. மாடல் தேர்வில் எனக்கு நூற்றுக்கு 19. முதல் வருஷமே அரியர் விழுந்தால் ஸ்காலர்ஷிப் நிற்கும். அப்புறம் காலேஜும் நிற்கும். வீட்டில் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, இஸ்திரிப் பெட்டியோடு. "இன்ஜினீருக்குப் படிக்கிறியே, இது ஏன் சூடாவலனு பாரு." முதல் வருஷத்தில் இஸ்திரிப் பெட்டி கிடையாது என்றேன். "அப்ப இன்னாதான் சொல்லித் தராங்க?" நியாயம். பிளக்கில் ஒயர் கழன்றிருந்தது. மாட்டினேன்.

18, ஞாயிறு. வகுப்புத் தோழன் சேகர் வந்தான். ஊர் அடி அண்ணாமலை, எங்கள் ஊர் மலைக்குப் பின்பக்கம். அவன் மார்க் 21. அந்த இரண்டு மார்க்கில் திமிர். ஆறு கணக்கு, ஆறும் தப்பு. சலித்துப்போய் ஓரத்தில் மலையை வரைந்தேன்.

"இது எந்த ஊரு மலைடா?"

"நம்ம மலைதான்."

"ஒத்த முகடா? எங்க வூட்டாண்டேர்ந்து பாத்தா மூணு இருக்கு."

"கண் டாக்டர்கிட்ட போ."

உள்ளேயிருந்து அம்மா: "ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. தலைய வலிக்குது."

19, திங்கள். சைக்கிளில் கிளம்பினோம். குறுக்கு வழி என்று சேகர் வடக்கே திருப்பினான். டீக்கடைக்காரர் மறித்தார். "மலைய வலது கைப் பக்கம் வெச்சிக்கினு சுத்தணும். இப்படி எதிர்ல வந்தா இன்னா பலன்?"

"பாஸ் மார்க் போதும்ணே," என்றான் சேகர்.

நான்கு இடத்தில் நிறுத்தி வரைந்தோம். எங்கள் தெருவிலிருந்து ஒரே முகடு. அவன் வீட்டிலிருந்து மூன்று முகடு. இரண்டும் சரி. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கிறது. நானோ இத்தனை நாளும் கட்டையை ஒரே இடத்திலிருந்து பார்த்தபடி மூன்று தோற்றமும் போட்டிருக்கிறேன். மடையன். சேகரும் மடையன்தான், இரண்டு மார்க் கூட வாங்கிய மடையன்.

சாயங்காலம் ஆறு கணக்கு. ஐந்து சரி. ஆறாவதில், மறைந்த விளிம்புக்குப் புள்ளிக்கோடு போடவில்லை.

20, செவ்வாய். காலேஜுக்குப் பஸ். அப்பா ஸ்டாண்டு வரை வந்தார்.

"டிராயிங்னா படம்தானே, அதுல இன்னாடா பயம்?"

"பயம்னு யாரு சொன்னா?"

"மூணு நாளா சோத்துல கோடு கிழிச்சிக்கினு இருக்க."

சொல்லிவிட்டேன். 19ஐயும். அப்பா பையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு, "சரி, ஏறு. ஜன்னல் சீட்டு போயிடும்."

நாளைக்கு:

1. கட்டையை மனதுக்குள் ஒரு சுற்று சுற்றிய பிறகே பென்சில்.
2. மறைந்ததற்குப் புள்ளிக்கோடு.
3. சேகர் ஷீட்டைப் பார்க்கக் கூடாது.
4. பாஸானால் மலை சுற்ற வேண்டும். நடந்து. வலது கைப் பக்கம்.