மூன்றும் ஐந்தும் எட்டு

பயிற்சி முகாம், மிசூரி
18 ஜூன் 2014

அன்புள்ள அம்மா,

அன்று தொலைபேசியில் நான் ஒப்பித்ததைக் கேட்டுப் பயந்துபோயிருப்பாய். "வந்து சேந்துட்டேன், நல்லா இருக்கேன், விலாசம் லெட்டர்ல வரும்" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் எல்லோரும் படித்தோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் போனைப் பிடுங்கி அடுத்தவளிடம் கொடுத்துவிடுவார்கள். இனி எட்டு வாரத்துக்குக் கடிதம்தான்.

பழக்கூழ் வைத்த உன் கொலாச்சி ரொட்டியைச் சுட்டு அனுப்பிவிடாதே. நேற்று ஒருத்திக்கு வீட்டிலிருந்து பிஸ்கட் வந்தது. அவளை உட்கார்த்தி வைத்துத் தின்னச் சொல்லிவிட்டு எங்கள் அத்தனை பேரையும் தண்டால் எடுக்க வைத்தார்கள்.

ஒரு முக்கியமான வேலை. சமையலறை இழுப்பறையில் நீல உறைக்குள் என் தேசியக் காவல்படை ஒப்பந்தம், அந்தப் பகுதிநேர ராணுவத் தாள், இருக்கிறது. அதன் முதல் பக்கத்தை நகல் எடுத்து, கல்லூரியில் படைவீரர் உதவிப் பிரிவில் இருக்கும் திருமதி எங்டாலுக்கு அனுப்பிவிடு. ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். தவறினால் ஜனவரி நர்சிங் வகுப்பில் என் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவளுக்குப் போய்விடும். மாநில அரசின் சலுகை அந்தத் தனியார் கல்லூரியில் செல்லாது. காவல்படையின் படிப்பு உதவி ஒன்றுதான் எனக்கு வழி. மாதம் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் என்று அதற்காகத்தானே இங்கே சேற்றில் உருள்கிறேன்?

உன் மகள்,
ஷெல்பி

*

வீடு, நெப்ராஸ்கா
27 ஜூன் 2014

செல்ல மகள் ஷெல்பிக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு, லாரி எடைமேடைக்கு எடுத்துப்போய் நாலு முறை படித்தேன். சோளம் ஏற்றி வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

செவ்வாயன்று ஆலங்கட்டி மழை. நம் பக்கம் தப்பித்தது. மேற்கே கௌட்ஸ்கி வீட்டுச் சோளத்தில் ஒரு இலை முழுசாக இல்லையாம். நாய் உன் அறை வாசலிலேயே படுத்திருக்கிறது, கூப்பிட்டால்கூட வருவதில்லை. சரியாகத் தூங்குகிறாயா? கால் கொப்புளத்தைக் கிள்ளாதே.

நகல் விஷயம் பார்க்கிறேன். ஆபீஸ் மெஷின் பழுதாகிக் கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா

*

பயிற்சி முகாம்
6 ஜூலை 2014

அன்புள்ள அம்மா,

மழையையும் நாயையும் பற்றி அரைப் பக்கம், என் வேலையைப் பற்றி ஒன்றரை வரி. மெஷின் பழுது என்றால் நூலகத்தில் ஒன்று இருக்கிறது, தபால் நிலையத்துக்கு எதிரில். தயவுசெய்து அனுப்பு.

என் மேல்கட்டில் படுப்பவள் டுப்ரே, லூசியானாக்காரி. அவளும் காவல்படைதான், அவளும் படிப்பு உதவிக்காகத்தான் சேர்ந்திருக்கிறாள். எத்தனை வருடம் என்று கேட்டாள். மூன்றும் ஐந்தும், மொத்தம் எட்டு என்றேன். அவளுக்கு ஆறும் இரண்டும், அதுவும் எட்டு. ஆனால் என் பதிலைக் கேட்டதும் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மூணா? நிஜமாவா? உனக்கு யாரும் எதுவும் சொல்லலையா?" என்றாள். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

நீ பன்னிரண்டு வருடம் காவல்படைக்காரரின் மனைவியாக இருந்தவள். உனக்குத் தெரிந்திருக்குமே. எழுது.

ஷெல்பி

*

வீடு
14 ஜூலை 2014

அன்பு மகளே,

இந்தக் கடிதம் உன் பிறந்தநாளுக்கு முன்னால் வந்துவிடும் என்று நம்புகிறேன். பதினெட்டு! நீ பிறந்த அன்று பாலத்தில் வெள்ளம் ஏறி, உன் அப்பா டிராக்டரில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

கட்டிலுக்குக் கட்டில் பேசுகிற பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்த டுப்ரே யார், வக்கீலா? நான் ஒன்று யோசித்தேன். நம் வட்டாரக் கல்லூரியிலும் நர்சிங் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம். பெரிய பட்டம் இல்லைதான், வேலை கிடைக்காமலா போய்விடும்? மூன்றே வருடம், சனி ஞாயிறைக் கழித்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்துவிடலாம். கொஞ்சம் நினைத்துப் பார்.

அன்புடன்,
அம்மா

*

பயிற்சி முகாம்
23 ஜூலை 2014

அம்மா,

பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி. நகல் அனுப்பினாயா என்று இனிமேல் கேட்கப்போவதில்லை. அனுப்பியிருந்தாலும் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன்.

முகாமில் காவல்படைக்காரர்களுக்கென்று ஒரு தொடர்பு அலுவலகம் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த சார்ஜெண்ட் என் ஒப்பந்தத்தைத் திரையில் எடுத்தார். முதல் எண், சீருடை போட்டுப் பயிற்சிக்கு வர வேண்டிய வருடங்கள். இரண்டாவது எண், பெயர் மட்டும் பட்டியலில் கிடக்கும் வருடங்கள். கூட்டினால் எல்லோருக்கும் எட்டுதான். ஆனால் முதல் எண் ஆறாக இருந்தால்தான் படிப்பு உதவி. "மூணு போட்டா அந்தக் கதவே இல்லம்மா. ஆள் சேக்கும்போது சொல்லியிருப்பாங்களே?" என்றார்.

சொன்னார்கள். இப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவு வருகிறது. மார்ச் மாதம், நம் ஊர்ப் படைக்கூடம். ஆள் சேர்க்கும் சார்ஜெண்ட் கிம்மல் முதலில் நீட்டியது ஆறும் இரண்டும் போட்ட தாளைத்தான். எனக்குப் பதினேழு, உன் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. நீ பேனாவை மூடிவிட்டு, மூன்று என்றால்தான் போடுவேன் என்றாய். நான் ஏன் என்று கேட்டதற்கு, "மூணும் அஞ்சும் எட்டு, ஆறும் ரெண்டும் எட்டு. ரெண்டும் ஒண்ணுதான்டி, கணக்குத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தாய். கிம்மல் ஏதோ விளக்க வந்தார். "மத்ததை நான் வீட்ல சொல்லிக்கிறேன்" என்று அவரை மடக்கிவிட்டாய். வீட்டில் நீ எதுவும் சொல்லவில்லை.

இந்த ஊரில் யார் வாயை நம்பினாலும் நம்பாவிட்டாலும் உன் வாயை நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நீ செய்வாய் என்று நினைக்கவில்லை.

ஒரே கேள்வி. உனக்குத் தெரியுமா, தெரியாதா?

ஷெல்பி

*

வீடு
29 ஜூலை 2014

என் கண்ணே,

தெரியும்.

மெஷின் பழுதாகவில்லை. நீல உறை என் கைப்பையில்தான் இருக்கிறது, நீ பஸ் ஏறிய நாளிலிருந்து.

உன் அப்பாவும் படிப்புக்காகத்தான் சேர்ந்தார். மண்ணியல் படிக்க ஆசை. ஆறு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். நாலு வருடம் எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. ஐந்தாம் வருடம், உனக்கு ஏழு வயது, ஈராக்குக்கு அழைத்தார்கள். மூன்றோடு நின்றிருந்தால் அவர் அன்று வயலில் இருந்திருப்பார். உயிரோடுதான் திரும்பி வந்தார், எல்லோரும் என்னைப் பாக்கியசாலி என்றார்கள். வந்தவர் படிப்பைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. கொட்டகையில் லாரிக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டை நான் அங்கேதான் கொண்டுபோவேன். அதற்குப் பிறகும் கையெழுத்தைப் புதுப்பித்துக்கொண்டே போனார். எதற்கு என்று கேட்டால், அங்கேயாவது என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்கிறார்கள் என்பார். கடைசியில் நம்மை விட்டு வயோமிங் பக்கம் போனவர்தான், திரும்பி வரவில்லை, உனக்கே தெரியும்.

உன்னைத் தடுக்க என்னிடம் ஒரு கையெழுத்துதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பதினெட்டு ஆனதும் நீயே போய் ஆறு போட்டிருப்பாய். மூன்று போட்டால் பாதி ஆபத்தாவது குறையும் என்று கணக்குப் போட்டேன். உன் படிப்பு போகும் என்று தெரிந்தேதான் செய்தேன். தப்புதான். ஆனாலும் வருத்தப்படுகிறேனா என்றால், பொய் சொன்னதற்காக வருத்தப்படுகிறேன், மூன்றுக்காக இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி குடும்ப நாளுக்கு வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. நேரில் பேசலாம். கல்லூரியில் நானே திருமதி எங்டாலிடம் தவணை கேட்டுக் கெஞ்சுகிறேன்.

அம்மா

*

பயிற்சி முகாம்
4 ஆகஸ்ட் 2014

அம்மாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான் திங்கட்கிழமையே, 28ஆம் தேதியே போட்டுவிட்டேன். நீட்டிப்புப் படிவம், அன்றிலிருந்து ஆறு வருடம். பெற்றோர் கையெழுத்துக்கான கட்டத்தின் மேல் சார்ஜெண்ட் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். எனக்குப் பதினெட்டு வயதாகி எட்டு நாள் ஆகியிருந்தது. நகலை அவரே திருமதி எங்டாலுக்கு அனுப்பினார். இடம் உறுதி என்று பதில் வந்துவிட்டது. நீ யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

முன்னாலேயே உன் கடிதம் வந்திருந்தாலும் போட்டிருப்பேன். ஆனால் தெரிந்து போட்டிருப்பேன். அப்பா ஏன் லாரிக்குள் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பதினோரு வருடம் கழித்து ஒரு ராணுவக் கூடத்தில், அறுபது பேருக்கு நடுவில் நின்றுகொண்டா நான் படிக்க வேண்டும்? மார்ச்சில் அந்த மேஜையில் இதைச் சொல்லியிருந்தால் நானே பயந்து மூன்று போட்டிருக்கலாம். நீ என்னிடம் கேட்கவே இல்லையே அம்மா. அதுதான் ஆறவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. டுப்ரேயிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

குடும்ப நாளன்று எங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். நேராகப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் நடந்து வந்து தோளைத் தொட்டால்தான் நகரலாம். யார் தொட வருவார் என்று படிவத்தில் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். டுப்ரேயின் அம்மா என்னையும் சேர்த்துத் தொட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், நல்ல மனுஷி. படிவத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன்.

உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. வேறு யார் பெயரை எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஷெல்பி