முட்டி வலியும் ஒரு பொய்க் கனவும்

அன்பு மகன் உமாஸுக்கு,

அப்பா தியாங் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் தங்கையும் நாய்கள் இரண்டும் சுகம், கறுப்பு நாய்க்கு மட்டும் காதில் ஒரு புண், அதுவும் ஆறிவருகிறது. நீ எந்தக் கடலில் எந்த அலைமேல் இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்றே நினைத்து எழுதுகிறேன். ஜூலையில் உங்கள் கப்பல் மீன் இறக்கக் கேப்டவுன் துறைமுகத்துக்கு வரும், கடிதம் அங்கே உனக்காகக் காத்திருக்கும் என்று காவ்ஷியுங்கில் உங்கள் கப்பல் கம்பெனி ஆபீஸ்காரர் சொன்னார். போன முறை நீ அனுப்பிய படத்தை ஊரில் ஒருவர் விடாமல் காட்டியாயிற்று. நீ பிடித்துக்கொண்டு நிற்கும் சூரை மீன் காட்டுப்பன்றியைவிடப் பெரிதுதான், ஆனால் அது திரும்பி வந்து குத்தாது அல்லவா, அதனால் அதைப் பெரிய வேட்டை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வருஷம் பிளம் மரங்கள் கிளை தாங்காமல் காய்த்திருக்கின்றன. தினை இடுப்புக்கு வளர்ந்திருக்கிறது, குருவி ஓட்ட உன் தங்கை தகர டப்பாக்களைக் கயிற்றில் கட்டி ஊரையே தூங்கவிடாமல் செய்கிறாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி. உன் பெரியப்பா விலியானின் மகன் உமாஸ் மலையில் இறந்துபோய்விட்டான். மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. கடலில் இருக்கிற பிள்ளைக்கு இதை ஏன் எழுத வேண்டும், வந்ததும் சொல்லலாமே என்று உன் அம்மா தடுத்தாள். ஆனால் உன் தாத்தா பெயரை முதலில் வாங்கியவன் அவன், அடுத்து வாங்கியவன் நீ. ஒரே பெயர்க்காரன் போனதை நீ வேறு எவன் வாயிலோ கேட்கக் கூடாது. அதிலும் இதில் உன் அப்பன் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

மே மாதக் காது எய்யும் விழாவுக்கு, சிறுவர்கள் எய்ய மான் காதும் ஊருக்குக் கறியும் வேண்டும் என்று நானும் உமாஸும் உன் தாய்மாமன் சலிசானும் மேலே ஏறினோம். இரண்டு நாளில் ஒரு கடமானும் ஒரு கேளையாடும் கிடைத்தன. கடமான் என் குண்டுக்கு விழுந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இரண்டாம் நாள் மாலைக்குள் என் இடது முட்டி வேகவைத்த சேப்பங்கிழங்கு போல வீங்கிவிட்டது. உமாஸ் கவனித்துவிட்டான். “சித்தப்பா, உங்க முட்டி என்னமோ முணுமுணுக்குதே, என்ன சொல்லுது?” என்று கேட்டான். “எறங்கும்போது உன்னத் தூக்கிட்டுப் போகணுமான்னு கேக்குதுடா” என்றேன். சலிசான் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பதிலைச் சொன்ன பிறகு மறுநாள் எந்த வாயால் எனக்கு முடியவில்லை என்று சொல்வேன்? மேல் சரிவில் உமாஸ் வைத்த கண்ணிகள் பன்னிரண்டு பாக்கி இருந்தன, அவனோடு போய்ப் பார்க்க வேண்டியது என் முறை. அந்த ஏற்றம் உனக்குத் தெரியும்.

விடிந்ததும் வழக்கம்போல நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கனவு சொன்னோம். சலிசான் கள் குடித்ததாகச் சொன்னான், அவன் கனவில் வேறு என்ன வரும். உமாஸ் யாரோ ஒரு கூடை தினை கொண்டுவந்து வாசலில் வைத்ததாகச் சொன்னான், அது நல்ல கனவு. நான் ஒன்றும் காணவில்லை. முட்டி வலியில் கண்ணே மூடவில்லை, அப்புறம் எங்கே கனவு. ஆனால் ஒருவன் கனவு கெட்டதென்றால் அத்தனை பேர் காலும் ஊரைப் பார்த்துத் திரும்ப வேண்டும், ஏன் என்று எவனும் கேட்க மாட்டான். அதனால் என் பல் உதிர்ந்து ஆற்றில் விழுந்தது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் மொட்டையாகச் சொல்ல வராதே, கண் காது மூக்கு வைத்து, நம்மில் ஒருவன் ஆற்று நடுவே இடுப்பளவு தண்ணீரில் நனைந்து நின்றான் என்றும் சொல்லிவைத்தேன். ஒரு பொய்த் தும்மல் தும்மியிருந்தாலும் அன்றைக்குத் திரும்பியிருப்போம், தும்மலுக்குள் யாரும் ஆற்றைத் தேட மாட்டார்கள்.

உமாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “கண்ணியில விழுந்தது கெடந்து அழுகினா அப்புறம் மலை நமக்கு மொகம் குடுக்காது சித்தப்பா. நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க. நான் எல்லாத்தயும் அவுத்துட்டு நாளைக்கு வந்துடுறேன்” என்றான். இங்கேதான் மகனே என் தப்பு. கனவு நிஜமாக இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்து வந்திருப்பேன். பொய் என்று எனக்குத் தெரியும், அதனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பதினெட்டுப் பேர் ஏறினோம், பின்னாலேயே போலீஸ்காரர்களும் வந்தார்கள். சலிசான் வழியெல்லாம் என் கனவைச் சொல்லிக்கொண்டே வந்தான், எல்லோரும் நேராக ஆற்றுக்குப் போனார்கள். கயிறு கட்டி ஒவ்வொரு மடுவாக இறங்கித் தேடினார்கள். கண்ணி வைத்த மேல் சரிவையும் பார்க்கலாமே என்று நான் சொன்னதற்கு, கண்ணியை அவிழ்த்துவிட்டு ஆற்று வழியாகத்தான் இறங்கியிருப்பான், உன் கனவே அப்படித்தானே சொல்கிறது என்று என் வாயை அடைத்தார்கள். நானும் அடைத்துக்கொண்டு இருந்தேன், இரண்டு முழு நாள். மூன்றாம் நாள் காலை உன் பெரியப்பா தனியாகப் பாறையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, “இப்ப வேற யாருகிட்டயும் சொல்லாத. பாதிப் பேரு உன்ன அடிக்க நின்னுடுவாங்க, அப்புறம் தேட ஆளு பத்தாது” என்றார். பிறகு எழுந்து, ஆற்றில் இல்லை, மேலே போவோம் என்று எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னார்.

மேலே ஒரு பாறையடியில் சாம்பல் இருந்தது. துப்பாக்கி மரத்தில் சாய்த்திருந்தது. பையைப் பன்றி எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, உள்ளே ஒரு கேளையாட்டுக் கறியைப் புகைபோட்டு இலையில் சுற்றி வைத்திருந்தான். பதினோரு கண்ணிகளை அவிழ்த்துக் கம்பியைச் சுருட்டி வைத்திருந்தான், ஒன்றில்கூடப் பிசிறு இல்லை. பன்னிரண்டாவதுக்குப் போகிற இடத்தில் சரிவே இல்லை, மழையில் அறுந்து பள்ளத்தாக்குக்குள் போயிருந்தது. இரண்டு நாள் கயிற்றில் தொங்கியும் ஒரு ரப்பர் பூட்ஸ்தான் கிடைத்தது. ஊருக்கு வெளியே உயிர் போனவனை வெளியேதான் விடவேண்டும், அது நம் முறை, அங்கேயே கல் அடுக்கி வைத்தோம், பாதிரியார் ஏறி வந்து வேதம் வாசித்தார். அந்தச் சாம்பலை நான் கையால் அளைந்து பார்த்தேன். ஒரு ராத்திரி நெருப்பின் சாம்பல்தான், நாங்கள் தேட ஏறுவதற்கு முன்பே முடிந்த கதை. நாற்பது வருஷம் மலையில் நெருப்பு மூட்டியவன் சொல்கிறேன், உன் பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். இருந்தாலும் தினமும் ஒரு தடவையாவது அந்தச் சாம்பலைத் திரும்ப அளைந்து பார்க்கிறேன்.

அண்ணன் ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஊர் என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டது. தியாங்கின் கனவு முன்பே பார்த்துவிட்டது, ஆற்றை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டது என்றார்கள். கனவை நம்பாதே என்று ஞாயிறுதோறும் சொல்கிற பாதிரியார்கூடப் புது ஜீப் வாங்குவதற்கு முன் என்னிடம் கனவு ஏதும் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். உமாஸின் மனைவி இபு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கூடை சேப்பங்கிழங்கோடு வந்து உட்கார்ந்தாள். “மாமா, அவரு தண்ணியில நின்னாருன்னீங்களே, மொகம் எப்படி இருந்துச்சு? பயந்திருந்தாரா?” என்று கேட்டாள். இல்லையம்மா, சிரித்துக்கொண்டிருந்தான் என்றேன். அடுத்த வாரம் இன்னொரு கூடையோடு வந்து, ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். பிள்ளைகளைக் கேட்டான் என்றேன். அவள் போனதும் உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “ஒவ்வொரு நாளும் உன் முட்டிக்கு மருந்து தேய்க்கிற கை இது. நீ கனவு கண்டியா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? இன்னும் எத்தன தடவ அந்தப் பொண்ணு முன்னால அவன சாகடிப்ப?” என்றாள். உன் அம்மா கத்தினால் நான் பதிலுக்குக் கத்துவேன், அது உனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் கத்தவில்லை.

மே மாதம் விழா வந்தது. சிறுவர்கள் மான் காதை எய்து முடித்த பிறகு ஆண்கள் நாங்கள் வட்டமாகக் குந்தினோம். கள் கிண்ணம் கைமாறி வந்தது. ஒவ்வொருவனும் தான் அடித்ததைச் சொல்ல, ஊர் அதைத் திருப்பிச் சொல்ல, கடைசியில் அவனவன் தாய்வீட்டுப் பெயரைச் சொல்லி முடித்தான். சலிசான் கேளையாட்டைச் சொன்னான். என் முறை வந்ததும், கடமானைப் பற்றி நீட்டி முழக்கப் போகிறேன் என்று எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். நான் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். தியாங் நான் என்றேன், ஊர் திருப்பிச் சொன்னது. மலைக்குப் போனேன் என்றேன், சொன்னது. முட்டி வலித்தது என்றேன், கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னது. வெட்கப்பட்டேன் என்றேன், சொன்னது. கனவே இல்லை என்றேன், பாதிக் குரல்தான் வந்தது. கண்டதாய்ச் சொன்னேன் என்றேன். ஒரு குரலும் வரவில்லை.

ஒருவன் சொன்னதை வட்டம் திருப்பிச் சொல்லாவிட்டால் அவன் அந்த வட்டத்தில் இல்லை என்று அர்த்தம். அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சலிசான் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்விடலாம் என்று தரையில் கையை ஊன்றினேன், முட்டி மடங்கி நிமிரவில்லை. அப்போது பின்னால் நின்ற பெண்கள் பக்கமிருந்து, “கண்டதாய்ச் சொன்னேன்” என்று ஒரு குரல் வந்தது. உன் பெரியம்மா அபுஸ். அவனைப் பெற்றவள். இரண்டாம் தடவை சொல்லும்போது அண்ணன் சேர்ந்துகொண்டார், மூன்றாம் தடவை ஊரே சேர்ந்துகொண்டது. என் அம்மா வீடு இஸ்தாண்டா என்று முடித்தேன், அதையும் சொன்னார்கள். நான் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை.

இபு மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்போதே போய்விட்டாள். நான்கு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாம் நாள் கூடை எதுவும் இல்லாமல் வந்து வாசலில் உட்கார்ந்தாள். “நீங்க அவரக் கடைசியாப் பாத்ததச் சொல்லுங்க. கனவுல இல்ல, கண்ணால பாத்தத” என்றாள். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது, கண்ணியைப் பற்றிச் சொன்னது, முந்தின நாள் என் முட்டியைக் கேலி செய்தது எல்லாம் சொன்னேன். முட்டிக் கேலியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். சிரித்துவிட்டாள், பிறகு வெகுநேரம் அழுதாள். போகும்போது, “இது போதும் மாமா, இது நெசம்” என்றாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. நேற்று அவள் தினைக்காட்டில் களை எடுக்கப் போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி உன் வேலை ஒன்று. இந்த விழாவில் உமாஸின் வேட்டையை ஒருவரும் சொல்லவில்லை. அவன் பெயர் கொண்டவன் கடலில் இருக்கிறான், அவன் வந்து சொல்லட்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்று உன் பெரியம்மா சொல்லிவிட்டாள். அவன் அடித்தது பதினேழு கடமான், முப்பத்தொரு பன்றி, ஒரு கரடி. கேளையாடு அவனே எண்ணவில்லை. கண்ணி பன்னிரண்டில் பதினொன்று அவிழ்த்தான், அதையும் சேர்த்துச் சொல். அவன் தாய்வீடு பாலாலவி, மறந்துபோய் உன் அம்மா வீட்டைச் சொல்லிவைக்காதே. கப்பலிலேயே சொல்லிப் பழகு, அடுத்த மே மாதம் திக்காமல் வர வேண்டும்.

உன் அம்மா உலர்ந்த மிளகாய் ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறாள், கம்பெனிக்காரர் வாங்கிக்கொண்டால் இதோடு வரும். ஈரக் காலோடு தூங்காதே. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணு. கையோ முதுகோ வலித்தால் முடியவில்லை என்று மேஸ்திரியிடம் நேராகச் சொல், கூட இருக்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும், சிரிப்பில் ஒருவனும் செத்ததில்லை. நம் முன்னோர்களும் ஆண்டவரும் உன்னை நல்லபடியாகக் கரை சேர்ப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளை சலிசானோடு கீழ்க் காட்டுக்குப் போகிறேன், தட்டையான வழிதான், முட்டி அதற்குத் தாங்குமா என்று அதனிடமே கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன். இன்று காலை அவன் வந்து என்ன கனவு என்று கேட்டான். ஒன்றும் காணவில்லை என்று சொன்னேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா தியாங்,
இஸ்தாண்டா வீட்டு மகள் பெற்ற மகன்.