மணக்க மறுக்கும் மணற்பூ

என் இல்லத்தின் ஒரே அவையான மனைவியே,

முறையீடு ஒன்றுண்டு. பாலை மணலிலிருந்து நீ பெயர்த்து வந்து சாளரத்தருகே வளர்த்த மணற்பூச்செடி மணக்க மறுக்கிறது. நீ மகள் வீட்டுக்குச் சென்ற நாள்தொட்டுக் காலையும் மாலையும் நீர் வார்க்கிறேன். ஆயினும் இலைகள் மஞ்சளாகித் தண்டும் குழைந்துவிட்டது.

நேற்றுக் கூட்டத்தில் பேசிவிட்டுக் களைத்துத் திரும்பினேன். எதிர்வீட்டுத் தையற்காரம்மா தொட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, காஞ்ச மண்ணுல வாழுற செடிக்கு இவ்வளவு தண்ணியா? அதைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க!"

ஊரையே கைதட்ட வைத்த பேச்சாளன் நான், தொட்டியில் தேங்கிய நீரைச் சாய்த்து வடித்தேன். பெட்டியோடு வாயிலில் நின்று நீ சொன்னதும் அதுதானே: "உங்க பேச்சுக்கு நடுவுல எனக்கு மூச்சு விடவே இடமில்லைங்க."

பூவாளியைப் பரணில் ஏற்றிவிட்டேன். இன்று வீட்டில் ஒரு சொல்லும் உதிர்க்காமல் செடியருகே அமர்ந்திருக்கிறேன். மண் மெல்ல உலர்கிறது. அழுகாத கிளையில் ஒரு மொட்டு எஞ்சியிருக்கிறது. அதைக் காக்கும் வழி நான் அறியேன்.

எழுந்திரு. பெட்டியை எடு. அடுத்த வண்டியிலேயே புறப்பட்டு வா. வந்து நீ பேசு, நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிய உன் துணைவன்