தூபாவை ஓட விடாதே

ஆம்பூர்
6.1.2025

அன்புள்ள கௌசர்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஏலகிரியில் குளிர் ஜாஸ்தியாமே. உன் அக்கா வீட்டில் தூபாவுக்குக் கம்பளி இருக்கிறதா?

நம் மகன் உமரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வேலூரில் ஓர் இதய டாக்டரிடம் காட்டினேன். நான் வேலை பார்க்கும் தோல் டேனரியில் அவன் விழுந்து இறந்தது விஷவாயுவால் இல்லையாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று பிறவியிலேயே இடம் மாறி முளைத்திருந்ததாம். தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அப்போது அது நசுங்கியிருக்கிறது. நூறு பேரில் ஒருவருக்கு இந்தக் குழாய்களில் ஏதாவது கோளாறு இருக்குமாம். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆகாது. உமருக்கு இருந்தது அதிலும் அபூர்வமான, பொல்லாத வகை. தங்கச்சி தூபாவையும் ஸ்கேன் பார்க்கச் சொன்னார். அழைத்து வா.

வக்கார் அகமது

ஏலகிரி
13.1.2025

தூபாவின் அப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இந்தக் கதையை உங்கள் முதலாளி சொல்லிக் கொடுத்தாரா? நூறில் ஒருவர் என்றால், ஜும்மாவுக்கு நம் மசூதியில் நிற்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேராவது விழ வேண்டாமா? படித்துக்கொண்டிருந்த பிள்ளையை அந்த நாற்றத்துக்குள் இழுத்துப்போனது நீங்கள்.

இவளையாவது நல்ல காற்றில் வளர்க்கிறேன். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் மேட்டில் ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். "ஆம்பூர் காத்து ஒடம்ப விட்டுப் போற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஓடு" என்றேன்.

கௌசர்

ஆம்பூர்
16.1.2025

கௌசர்,

உன் காலில் விழுகிறேன், அவளை ஓட விடாதே. வலி வந்ததா? ஐயோ, அது காற்று இல்லை.

மசூதியில் அந்தப் பத்துப் பேர் இருக்கத்தான் இருப்பார்கள். அவர்களுக்கே தெரியாது. தொழும்போது முன்வரிசை முதுகுகளைப் பார்த்து, இவரா அவரா என்று எண்ணி ஓதுவதை மறக்கிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நான் வரக்கூடாது என்றால் வரவில்லை. ஸ்கேன் மட்டும் எடு. எனக்கு இன்னொரு பிள்ளை இல்லை.

வக்கார்

வேலூர்
24.1.2025

தூபாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தபோது அவள் மைதானத்தில் இருந்தாள். செருப்புகூடப் போடாமல் போய் அவளைப் பிடித்து இழுத்து வந்தேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. உமருக்கு இருந்த அதே கோளாறு. வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும்.

டாக்டர் போனதும் தூபா கேட்டாள்: "அம்மி, அப்டீன்னா அண்ணனை அப்பா ஒண்ணும் பண்ணல தானே?"

அப்பாதான் அண்ணனைக் கொன்றார் என்று தினமும் அவள் காதுபட நான் சொன்னதுதானே. ஆமாம் என்று சொல்லிவிட்டால், உமருக்காக என் கோபத்தைக் காட்ட எனக்கு இனி ஆளே இல்லை.

அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாங்க.

கௌசர்