பதின்மூன்றாம் திகதிக்கு முன்

கிண்ணியா,
30.06.1974, ஞாயிறு பகல்.

அன்பும் மரியாதையும் நிறைந்த லாபிர் காக்கா அவர்களுக்கு, தங்கை ஸுல்பிகா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். உம்மா சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, அவையும் சுகம். நான் சுகமில்லை காக்கா.

போன புதன்கிழமை இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் போனது. எழுத்து என்னுடையது, சொன்னது உம்மா. நீங்கள் மலைப் பயணத்துக்குக் கொண்டுபோகும் கறித்தூளில் ஈரக் கரண்டி போட வேண்டாம், நாலு பேருக்கு ஒரு நேரத்துக்கு மூன்று சுண்டு அரிசி போதும், வான் வண்டிக்குள் கருவாடு பொரித்தால் கூட வருகிற வெள்ளைக்காரர் இறங்கி ஓடிவிடுவார் என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஆனால் அதைச் சாச்சா வாசித்துப் பார்த்து, தன் கையால் ஒட்டித்தான் தபாலில் போட்டார். எழுத வேண்டியதை அதில் எழுத முடியவில்லை. இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. என்னைப் படிப்பித்த பத்மாசனி ரீச்சர் நாளை பள்ளிக்கூடம் முடிந்து படகேறிப் போகும்போது வாங்கிக்கொண்டுபோய் திருகோணமலையில் போடுவார்.

விஷயத்தை நேராகச் சொல்கிறேன். ஜூலை இருபத்தோராம் திகதி எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை மூதூர் கலீலுர் றஹ்மான், சாச்சாவோடு சேர்ந்து நெல் யாவாரம் செய்கிறவர். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு நாற்பத்தாறு வயது. மனைவி மவுத்தாகி ஒன்றரை வருஷம். மூத்த மகள் நஜ்முன் நிஸா என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இனி அவள் என்னை ஸுல்பி என்று கூப்பிடுவாளா, உம்மா என்று கூப்பிடுவாளா? நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை போடுகிறேன்.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தால் நடந்தது. கோபிக்க வேண்டாம், உண்மை அதுதான். சீமையில் நீங்கள் வேலை செய்கிற ஆலை லீவுக்கு மூடுகிற இரண்டு கிழமையும் நாலு பேராக வான் எடுத்து ஸ்கொட்லாந்து மலைக்குப் போகிறோம் என்று இரண்டு தாள் நிறைய எழுதியிருந்தீர்கள். வானுக்குள் இருக்கிற அடுப்பு, மடிக்கிற கட்டில் எல்லாம் படம் கீறிக் காட்டியிருந்தீர்கள். மழை பெய்தால் கூடாரத்தை எங்கே அடிப்பது, கடிக்கிற குட்டிப் பூச்சிக்கு எதைப் பூசுவது என்று பூச்சிக்கே அரைப்பக்கம். கடைசியில் ஒரு வரி, ஸுல்பிகா சுகமா என்று. வழக்கம்போல நான்தான் எல்லோருக்கும் உரத்து வாசித்தேன். பதின்மூன்றாம் திகதி புறப்பட்டு இருபத்தெட்டாம் திகதிதான் திரும்புவோம், முகவரி இல்லாத இடத்தில் இருப்பதே ஒரு சந்தோஷம் என்ற இடம் வந்ததும், அதைத் திருப்பி வாசி புள்ள என்றார் சாச்சா. உங்கள் மேலுள்ள பாசத்தில் கேட்கிறார் என்று நினைத்து, திகதிகளை நிறுத்தி நிறுத்தி வாசித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நிக்காஹுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பயணம் போற புள்ளட மனசக் கொழப்பக் கூடாது, முடிஞ்ச பொறகு எழுதுவம் என்று உம்மாவிடம் சொல்லியும் விட்டார்.

என்னைக் கேட்காமல் இல்லை. சாச்சாவும் இரண்டு பெரியவர்களும் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். சம்மதமா புள்ள என்று கேட்டார். வாப்பாவின் கூடப்பிறந்தவர், அவர் மவுத்தானதிலிருந்து இந்த வீட்டைப் பார்க்கிறவர் கேட்கிறார், வெளியார் இரண்டு பேர் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வாய் வரவில்லை. கன்னிப் பெண் பேசாமல் நின்றால் சம்மதம் என்பதுதானே வழக்கம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எழும்பிவிட்டார்கள். அடுத்த நாள் சாச்சாவிடமே போய், எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். வெக்கத்தில கதைக்கிறா, எல்லாப் பொம்புளப் புள்ளையும் இப்படித்தான் என்று என் தலையைத் தடவினார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாப்பா இல்லாதபடியால் என்னைக் கொடுக்கிற உரிமை உங்களுக்குத்தான். சாச்சாவுக்கு இல்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு முன், கப்பலேறுகிற அவசரத்தில், தங்கையின் நிக்காஹில் எனக்குப் பதிலாக இவர் நிற்கலாம் என்று ஒரு தாளில் கையொப்பம் போட்டுக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளையின் பேர் எழுதும் இடத்தை வெற்றாக விட்டீர்கள். இப்போது அங்கே பேர் எழுதியாகிவிட்டது. என்னுடைய கையொப்பம் எந்தத் தாளிலும் தேவையில்லையாம்.

ரீச்சர் யாருக்கென்று சொல்லாமல் நிக்காஹ் பதிவுகாரர் ஸெய்னுதீனிடம் விசாரித்துப் பார்த்தார். கொடுத்தவர் அந்தத் தாளைச் செல்லாது என்று அறிவித்தால் நான் பதிய மாட்டேன் என்றாராம். அதுதான் காக்கா எனக்கு மிச்சமுள்ள ஒரே வழி. போன செவ்வாய் ரீச்சர் உங்களுக்கு ஒரு தந்தி அடித்தார். இன்றுவரை பதில் இல்லை. அது சேரவில்லையோ, நாலு சொல்லில் உங்களுக்கு விளங்கவில்லையோ தெரியாது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கடிதம் பத்து நாளில் வந்தால் உங்களுக்கு இரண்டு நாள் இருக்கும். பன்னிரண்டு நாள் எடுத்தால் நீங்கள் வானில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு மேல் போனால் இது உங்கள் கதவுக்கடியில் கிடக்கும், நான் மூதூரில் இருப்பேன்.

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நாலு வருஷம் லீவில்லாமல் உழைத்த மனிதர், போய் மலையைப் பாருங்கள். போகிற வழியில் தபால் கந்தோரில் வானை நிறுத்தி, பதிவுகாரர் ஸெய்னுதீன், கிண்ணியா என்று போட்டு ஒரு தந்தி அடியுங்கள். அந்தத் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டேன், என் சொல் இல்லாமல் தங்கையைக் கொடுக்க ஏலாது என்று மட்டும் போதும். உங்கள் சினேகிதர்கள் பத்து நிமிஷம் காத்திருக்க மாட்டார்களா?

ஒருவேளை சாச்சா செய்வதுதான் சரி என்று உங்களுக்குப் பட்டால், அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் போய்விடுவேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிச் சொல்லி ஆயுள் முழுக்க உங்களை மன்னித்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது காக்கா.

எழுதிக்கொண்டிருக்கும்போது உம்மா அறைக்குள் வந்துவிட்டார். தாளை மறைக்க நேரமில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தாளைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. சாச்சா அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், வர அரைமணி ஆகும் என்று மட்டும் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வாசற்படியில் போய்க் குந்திக்கொண்டார். அங்கிருந்தபடியே, நல்லா எழுது மகள், அவனுக்கு வெளங்கிற மாதிரி எழுது என்றார்.

அல்லாஹ் உங்களை நல்லபடி மலையேற்றி, நல்லபடி இறக்கட்டும். அதற்கு முன் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
ஸுல்பிகா