நன்றாக வந்த ரிப்போட்

மடவளை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இன்ஷிராவுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளையும் கட்டாரில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். எங்கள் சுகத்தைப் போனில் சொல்ல வழியில்லை மகள், ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு வாப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அதனால்தான் அடுத்த வீட்டு அஹ்னாப் அங்கே வருகிற கையோடு இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நான் சொன்னதை நம்பித்தானே டிக்கட்டைப் பெருநாளைக்குத் தள்ளிப் போட்டாய். வாப்பாவின் இரத்த ரிப்போட்டில், கிட்னி வருத்தக்காரருக்கு ஏறக்கூடாத பொட்டாசியம், பொஸ்பரஸ், கிரியற்றினின் எல்லாம் இறங்கிவிட்டது என்றேன். ரெண்டு வருஷமாக மரக்கறியை அவித்து அவித்துத் தண்ணீரை வெளியே ஊற்றி, கருவாட்டை நிற்பாட்டி, பேரீச்சம்பழத்தை அலுமாரியில் பூட்டி வைத்த பாடு வீண்போகவில்லை என்று வட்டலப்பம் செய்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தேன். வாப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுப் போதும் என்றார். அப்போதாவது இந்த மடச்சிக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நேற்று டயலிசிஸுக்குப் போனபோது சிரித்துக்கொண்டு ரிப்போட்டை நீட்டினேன். டொக்டர் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, உம்மா, இது சுகமாகி இறங்கல்ல, அவர் சாப்பிடாம இறங்கியிருக்கு, கிரியற்றினின் சதையில இருந்து வாறது, சதை கரைஞ்சா அதுவும் குறையும் என்றார். அல்புமின் என்று இரத்தத்தில் உள்ள சத்து ஒன்று ஏற வேண்டுமாம், அது அடியில் கிடக்கிறது. நிறை குறையவில்லையே என்றேன், அது உடம்பில் நிற்கிற தண்ணீராம். முட்டை, மீன், கோழி குடுங்க என்கிறார். கொடுக்க நான் இருக்கிறேன், இறங்கத் தொண்டை வேண்டுமே. ராத்திரி மீன் பொரித்து முள் எடுத்து ஊட்டினேன், குமட்டுது பாயிஸா, வற்புறுத்தாத என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயந்து பயந்து நான்தான் பட்டினி போட்டேனோ என்று மனம் கிடந்து அடிக்கிறது. இன்னும் எவ்வளவு நாள் என்று டொக்டரிடம் கேட்டேன், மகளை வரச் சொல்லுங்க என்றார்.

வாப்பாவுக்கு இது தெரியாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தலையணைக்குக் கீழிருந்து ரிப்போட்டை எடுத்துக் காட்டுகிறார், இன்ஷிரா வரக்குள்ள நான் எயார்போட்டுக்கே போவன் என்கிறார். நீ அழுதுகொண்டு போன் எடுக்காதே, குரலில் பிடித்துவிடுவார். பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை கொண்டு வா, இங்கே விடாமல் மழை.

அல்லாஹ் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அடுத்த மாதமும் இரத்தம் எடுப்பார்கள் மகள், ரிப்போட் இதைவிட நன்றாகத்தான் வரும், வாப்பா சந்தோஷமாக உனக்குச் சொல்வார். அதைக் கேட்டு வராமல் நின்றுவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா
பாயிஸா