சால்வை போட்டார்கள், கோட்டைக் கழற்றினேன்

பென்னலூர்
18.10.91

அன்பு மகன் சாம்சனுக்கு அம்மா லூர்தம்மாள் எழுதிக்கொள்வது. மாதா துணையால் நானும் அப்பாவும் உன் தங்கச்சி மெர்சியும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பூனா குளிரில் நீ காதை மூடிக்கொண்டு படுக்கிறாயா என்று எழுது. முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மெர்சி முந்திக்கொண்டால் கை கால் வைத்து எழுதுவாள். போன சனிக்கிழமை எனக்கு வேலை போய்விட்டது என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வேலை போகவில்லையாம், நன்றி சொன்னார்களாம்.

எங்கள் ரப்பர் கம்பெனிக்குப் புதிதாக ரகுபதி என்று ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். நல்ல வேலை செய்தவர்களுக்கு வாரா வாரம் எல்லார் முன்னாலும் நன்றி சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. மழையில் நனைய இருந்த பெட்டிகளை நான் தார்ப்பாய் போட்டு மூடினேன், அதற்காக ஷிப்ட் முடிந்ததும் என்னை முன்னால் கூப்பிட்டுச் சால்வை போட்டார், எல்லாரும் கை தட்டினார்கள். இந்தக் கம்பெனியில் இதற்கு முன் சால்வை விழுந்தது நாகப்பன் ரிடையர் ஆன அன்றைக்குத்தான். பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கிற பாப்பம்மாள், இன்னாக்கா, பெர்மனென்ட் பண்றேன்னுட்டு இப்டி அனுப்பிட்டாங்களே என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் கம்பெனி கொடுத்த கோட்டைக் கழற்றி லாக்கர் சாவியோடு சூப்பர்வைசரிடம் கொடுத்தேன், அவனும் இதுதான் முறை போல என்று வாங்கிக்கொண்டான். உன் அப்பா, வுடு லூர்து, ஆடு வளக்கலாம் என்று சொல்லி, மறுநாள் பூசை முடிந்த கையோடு விலை விசாரிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நான் போகவில்லை. செவ்வாய் காலையில் சூப்பர்வைசர் சைக்கிளில் வந்து, இன்னாம்மா சொல்லாம கொள்ளாம நின்னுட்ட, பெர்மனென்ட்ல உன் பேரை அடிச்சிடப் போறாங்க என்றான். ஆறு வருஷமாகக் காத்திருக்கிற பெர்மனென்ட் ஆயிற்றே, அடுப்பை அணைத்தேனா என்றுகூடப் பார்க்காமல் ஓடினேன். மேனேஜரிடம் போய், ஐயா, இங்க வழியனுப்பறப்பதான் நன்றி சொல்லுவாங்க, வேலைல இருக்கறப்ப சொன்னா பயமா கீது என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. பிறகு, அப்ப நீங்க ஒருத்தருக்கொருத்தர் நன்றியை எப்படிம்மா காட்டுவீங்க என்று கேட்டார். இப்போது அதேதான் யோசனையாக இருக்கிறது. பாப்பம்மாளுக்கு இடுப்பு வலி என்றால் அவள் பெட்டியையும் நானே தூக்குகிறேன், மறுநாள் அவள் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் துண்டு போட்டு வைக்கிறாள். வாயைத் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் என்னடி அந்நியம் பாராட்டுகிறாய் என்று கோபித்துக்கொள்வாள். அங்கே மராத்திக்காரர்கள் எப்படி? வேலையில் இருக்கும்போதே சொல்லிக்கொள்வார்களா? விசாரித்து எழுது.

மேனேஜர் எனக்கு அந்தத் திங்கட்கிழமையை லீவாகப் போட்டுவிட்டார், பெர்மனென்ட் அப்படியே நிற்கிறது. இந்த வாரம் முதல் சால்வை கிடையாது. டீ நேரத்தில் அவரே எங்கள் மேஜைக்கு வந்து, இதை எப்படிம்மா இவ்வளவு சுருக்கா கட்டறீங்க என்று கேட்டு நின்று பார்க்கிறார். அவர் போன பிறகும் பாப்பம்மாள் சிரித்தபடியே கட்டுகிறாள். நீயும் அங்கே பத்துப் பேருக்கு மேல் சூப்பர்வைசர் ஆகிவிட்டாய். ஆளை முன்னால் கூப்பிடாதேடா, நீ கிட்டே போ. தாடியை எடு, போட்டோவில் உன் அப்பாவுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறாய்.

மாதா உன்னைக் கண் போலக் காக்கட்டும். மெர்சி பிறந்தநாளுக்குக் கடிதம் போட மறக்காதே. நேற்று நானும் சொல்லித்தான் பார்ப்போமே என்று, பஸ் நிறுத்தம் வந்து மெதுவாகும்போது டிரைவர் கோதண்டராமனுக்கு நன்றி சொன்னேன். அவர், மறுபடியும் அனுப்பிட்டாங்களாம்மா என்று முழுசாகத் திரும்பிக் கேட்டார். பஸ், நிறுத்தத்து டீக்கடையில் இடித்துத்தான் நின்றது. அங்கே இப்போது பெஞ்சு இல்லை, நின்றுகொண்டுதான் குடிக்கிறோம்.

உன் அம்மா
லூர்தம்மாள்